நாம் எந்த வர்க்கம்? மும்பையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

ஜூன் 3, 2025: தாராவி வாசகர் ஒருவரின் கேள்வி

பிறந்தது தாராவி. இப்போதும் 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு எஸ்.ஆர்.ஏ. கட்டடத்தில் (குடிசைகளை எடுத்துவிட்டு அங்கிருந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த அடுக்குமாடி) அப்பா அம்மாவோடு இருக்கிறேன். ஐரோலியில் ஐ.டி. வேலை, மாதம் 78 ஆயிரம் கையில் வருகிறது. பக்கத்து சீட்டில் இருப்பவனும் தமிழன்தான். மாட்டுங்காவில் தாத்தா காலத்து ஃப்ளாட். சம்பளம் என்னைவிடக் குறைவு. ஆனால் டீமில் யாரைக் கேட்டாலும் அவன் "நல்ல ஃபேமிலி", நான் "கஷ்டப்பட்டு மேலே வந்த பையன்". எங்கள் இருவரில் யார் மிடில் கிளாஸ்?

ஜூன் 3, இரவு: என் பதில்

தன்னை மிடில் கிளாஸ் என்று சொல்லாத ஆளை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை தம்பி. பத்துக்குப் பத்து கோலியில், அதாவது ஒற்றை அறையில், ஆறு பேரோடு படுப்பவரும் அப்படித்தான் சொல்கிறார், டிரைவர் வைத்திருப்பவரும் அப்படித்தான் சொல்கிறார். சம்பளத்தை வைத்தும் தீராது, அதை உங்கள் கேள்வியே காட்டிவிட்டது.

நான் பார்க்கிற விதம் இது: யார் காகிதம் காட்ட வேண்டியிருக்கிறது, யாருக்கு அது தேவையில்லை. சயானில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவுவதற்குள் யாராவது ஒருவர் பிளாஸ்டிக் கவரோடு வாசலில் நிற்பார். பழைய கரண்ட் பில், வாக்காளர் பட்டியலின் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு, குடிசைவாசிகளுக்கு அரசாங்கம் கொடுத்த போட்டோ பாஸ். அந்தக் கவர் இல்லாமல் எங்கள் ஆட்களுக்கு வீடு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, அரிசி இல்லை. ஆடிட்டர் ஆபீசுக்கு வருகிற கிளையண்டுகளுக்கும் காகிதம் உண்டு. ஆனால் அதைச் சுமப்பது நான். அவர்கள் கையெழுத்து மட்டும் போடுவார்கள்.

ஒரு கிளையண்ட் வீட்டுக்கு, அதுவும் மாட்டுங்காதான், அடிக்கடி போவேன். வாட்ச்மேன் ஒவ்வொரு முறையும் ரிஜிஸ்டரை நீட்டுவார். பெயர், எந்த ஃப்ளாட், என்ன வேலை, போன் நம்பர், நேரம். அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை, செருப்பையும் பையையும்தான் பார்க்கிறார். எனக்குப் பின்னால் எங்கள் ஆடிட்டர் சார் வருவார். வாட்ச்மேன் எழுந்து நின்று லிஃப்ட் கதவைத் திறப்பார். இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு, ஒரே ஃபைலுக்காகத்தான் போகிறோம்.

ஜூன் 4, காலை

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். மாட்டுங்காவில் பழைய கட்டடங்கள் நிறைய பகடி முறையில் இருப்பவை, அதாவது முதலில் ஒரு தொகை கொடுத்துவிட்டுக் குறைந்த வாடகையில் தொடர்ந்து குடியிருப்பது. உங்கள் நண்பரின் தாத்தா காகிதப்படி வாடகைக்காரராகக்கூட இருக்கலாம். 1947-ல் வந்த வாடகைச் சட்டம் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்தது. அதனால்தான் மூன்று தலைமுறை அங்கேயே இருக்க முடிந்தது. அது அரசாங்கம் கொடுத்த பாதுகாப்பு. அதற்காக அவரை யாரும் "இலவசத்தில் வாழ்பவர்" என்று சொல்வதில்லை.

இன்னும் பின்னால் போனால், மாட்டுங்காவே அரசாங்கம் போட்ட மனைதான். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. 1898-ல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைத்தார்கள். நெரிசலைக் குறைக்க தாதர், மாட்டுங்கா பக்கம் ரோடும் பூங்காவும் வைத்து லேஅவுட் போட்டார்கள். கோட்டைப் பகுதியில் குமாஸ்தா வேலைக்கு வந்த நம் தென்னிந்தியர்கள் அங்கே குடியேறினார்கள். 1932-ல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியும் வந்துவிட்டது. வேலை, வீடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் நடந்து போகிற தூரத்தில்.

அங்கிருந்து ஸ்டேஷன் தாண்டினால் தாராவி. எங்கள் தாத்தா நாங்குநேரிப் பக்கம் இருந்து தோல் ஷாப் வேலைக்கு வந்தபோது அங்கே ரோடும் இல்லை, மனையும் இல்லை, சதுப்பு நிலம். குப்பையும் கல்லும் போட்டு அவரவரே மேடாக்கிக் குடிசை போட்டார்கள். யாரும் திட்டம் போட்டுக் கொடுக்காத நிலத்தை உடம்பால் உண்டாக்கியவர்களுக்கு ஆக்கிரமிப்பாளர் என்று பெயர். இதில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு, மறைக்கவில்லை.

ஜூன் 4, மாலை

முலுண்ட் நண்பர் "ரேஷன் கார்டெல்லாம் இப்போ யாருக்கு வேணும்" என்று எழுதியிருக்கிறார். உங்கள் கார்டு என்ன நிறம் என்று எடுத்துப் பாருங்கள். வெள்ளையாகத்தான் இருக்கும்.

1999 முதல் மகாராஷ்டிராவில் மூன்று நிறம். ஆண்டு வருமானம் 15,000 வரை மஞ்சள். அதற்கு மேல் ஒரு லட்சத்துக்குள் காவி. ஒரு லட்சமும் அதற்கு மேலும் வெள்ளை. வர்க்கம் என்றால் என்ன என்று புத்தகத்தில் தேட வேண்டாம், சர்க்கார் நிறம் அடித்தே கொடுத்திருக்கிறது. வெள்ளைக் கார்டு வைத்திருப்பவருக்கு அது ஒரு முகவரிச் சான்று. மஞ்சளும் காவியும் வைத்திருப்பவருக்கு அது சமையல்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் வந்தபிறகு இங்கே நகரத்தில் முன்னுரிமைக் குடும்பம் என்றால் ஆண்டு வருமானம் 59,000-க்குள் என்று வைத்தார்கள். மாதம் ஐயாயிரம்கூட இல்லை. அந்தப் பணத்தில் சயான் கோலிவாடாவில் ஒரு கோலி வாடகைக்குக் கிடைக்காது. அப்படியானால் வீட்டுவேலை செய்து 14 ஆயிரம் வாங்குகிற அம்மா, வருமானச் சான்றிதழ் ஃபாரத்தில் என்ன எழுதுவார்? எழுதும்போது என் முகத்தைப் பார்ப்பார். நானும் ஒன்றும் கேட்க மாட்டேன். நேர்மையானவர்களைப் பொய் சொல்ல வைக்கிற எல்லை அது.

இன்னொரு பக்கம், 2019-ல் அரசியல் சட்டத்தின் 103-ஆவது திருத்தம் வந்தது. இடஒதுக்கீட்டில் இல்லாத சாதியினரில் நலிந்தவர்களுக்கு 10 சதவீதம். யார் நலிந்தவர்? குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள். 2025 பட்ஜெட்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை. ஆக, ஏழு லட்சம் சம்பாதிக்கிற குடும்பம் ஒரு ஜன்னலில் வசதியானது, அடுத்த ஜன்னலில் நலிந்தது, மூன்றாவது ஜன்னலில் வரி கட்டத் தேவையில்லாதது. மூன்றும் ஒரே நாட்டின் ஜன்னல்.

ஜூன் 6

மாட்டுங்கா வாசகர் கேட்டது: "காகிதம் சரி, சாதியை ஏன் தொடவில்லை?"

தொடாமல் போக மாட்டேன், தனியாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

தாராவித் தமிழர்களில் பெரும்பகுதி திருநெல்வேலிச் சீமையில் இருந்து வந்த ஆதிதிராவிடர்கள், நாடார்கள், முஸ்லிம்கள். மாட்டுங்காவில் முதலில் வந்தவர்களில் பிராமணர்கள் அதிகம். ஒரே மொழி, ஒரே ஊர்ப்பக்கம்கூட. நடுவில் ஒரு ரயில் பாதை. இதை வெறும் பணக்கணக்காகப் பேசினால் அது பொய்க் கணக்கு. தோல் ஷாப்புக்கு எங்கள் தாத்தா போனதும், கோட்டைப் பகுதி கம்பெனிக்கு ஷார்ட்ஹேண்ட் படித்த இன்னொருவரின் தாத்தா போனதும் தற்செயல் இல்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்துவிட்டது என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதிவிட்டார். அவர் பரேலில் ஒரு சாலில் (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள கட்டடம்) இருந்து, பின்னால் வீடு கட்டிக்கொண்டு வந்தது தாதர் ஹிந்து காலனிக்கு. நாம் பேசுகிற மாட்டுங்காவுக்குப் பக்கத்திலேயே.

இதிலும் காகிதம் வருகிறது, அதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற இடம். மகாராஷ்டிராவில் பட்டியல் சாதிக்கான மாநிலச் சலுகை வேண்டுமானால் உங்கள் குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இந்த மாநிலத்தில் இருந்தது என்று காட்ட வேண்டும். வேறு மாநிலத்தில் இருந்து பின்னால் வந்தவர்களுக்குக் கிடையாது. உச்ச நீதிமன்றமும் 1990-லும் 1994-லும் அதைத்தான் சொன்னது. எங்கள் கட்டடத்தில் ஒரு பெண், பன்னிரண்டாம் வகுப்பில் 88 சதவீதம். தாத்தா வந்தது ஐம்பதுகளின் நடுவில். 1950-க்கு முந்தைய காகிதம் எங்கிருந்து வரும்? அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சாதி வரும். ஊருக்குக் கொடைக்குப் போனால் எந்தத் தெருவுக்குள் நுழைகிறாள் என்பதில் சாதி வரும். காலேஜ் சீட்டில் மட்டும் வராது. பொதுப் பிரிவில்தான் போட்டாள்.

பணம் வந்தால் சாதி போய்விடும் என்று எழுதிய நண்பருக்கு: உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ஜூன் 7

கொஞ்சம் வேறு விஷயம். "நல்ல ஃபேமிலி" என்று சொல்கிறவர்கள் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். பேச்சை. அந்த மாட்டுங்காப் பையனின் ஆங்கிலத்தில் தயக்கம் இருக்காது. தெரியாததைத் தெரியாது என்று சத்தமாகச் சொல்வான், அதில் அவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. நாம் தெரியாததை மூன்று பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறப்போம். அதற்குப் பழகிப்போன பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள்.

ஜூன் 8

டோம்பிவிலி அக்கா லோக்கல் ரயிலின் ஃபர்ஸ்ட் கிளாஸ் பற்றிக் கேட்டிருந்தார்.

லோக்கலில் ஃபர்ஸ்ட் கிளாஸ் சீக்கிரம் போய்ச் சேராது. அதே வண்டி, அதே என்ஜின், அதே தாமதம். மே 2022-ல் ஒற்றைப் பயண டிக்கெட்டைக் குறைத்தார்கள், மிகக் குறைந்த தூரத்துக்கு 50 ரூபாயாக இருந்தது 25 ஆனது. பக்கத்துப் பெட்டியில் அதே தூரத்துக்கு 5 ரூபாய். ஐந்து மடங்கு எதற்காகக் கொடுக்கிறோம்? கொஞ்சம் மூச்சு விட இடம், கொஞ்சம் மெத்தை. அப்புறம், கூட யார் இருக்கிறார்கள் என்பதற்காக.

வருமான வரி சீசனில் ஆபீசில் சில மாதம் எனக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் பாஸ் எடுத்துக் கொடுத்தார்கள். செகண்ட் கிளாஸ் லேடீஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருத்தி உட்காருவது உரிமை. "தோடா சரக்கோ" என்றால் போதும், மூன்று பேரும் நகர்வார்கள். நான்காவது ஆளுக்குப் பாதி உடம்புதான் சீட்டில் இருக்கும், மீதி காலின் பலம். ஆனாலும் உட்கார்ந்தாகிவிட்டது. யார் எங்கே இறங்குவார்கள் என்று கேட்டு அடுத்த சீட்டைப் பிடித்துக் கொடுப்பார்கள். கீரை ஆய்வார்கள். ஒருத்தியின் மருமகள் பிரசவம் இன்னொருத்திக்குத் தெரியும். ஃபர்ஸ்ட் கிளாஸில் முதல் நாள் பழக்கத்தில் "சரக்கோ" என்றேன். அந்தப் பெண் காதில் இருந்த ஒயரை எடுத்துவிட்டு, "இது ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றாள். கோபமாகக்கூட இல்லை, தகவல் சொல்வது மாதிரி.

அவளிடம் எனக்குப் பகை இல்லை. நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்கு ஒரு முழு சீட் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் அதே நியாயம் பக்கத்துப் பெட்டியில் நிற்பவளுக்கும் உண்டு, அவளிடம் ஐந்து மடங்கு இல்லை.

ஜூன் 10

நேற்றுக் காலை மும்ப்ரா பக்கம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஓடுகிற லோக்கலில் இருந்து விழுந்தார்கள். 4 பேர் போய்விட்டார்கள். நேற்று முன்தினம் ஃபர்ஸ்ட் கிளாஸ் மெத்தையைப் பற்றி எழுதினேன், இன்று அதைப் படிக்கவே முடியவில்லை.

"எதற்குத் தொங்கிக்கொண்டு போகிறார்கள், அடுத்த வண்டியில் வரலாமே" என்று நேற்றிலிருந்து போனில் வந்துகொண்டே இருக்கிறது. ஏ.சி. லோக்கல் 2017 டிசம்பரில் இருந்து ஓடுகிறது, அதில் கதவு மூடிக்கொள்ளும். மூடாத கதவில் நிற்பவர்களைப் பார்த்துத்தான் இந்த அறிவுரை. பத்து நிமிஷம் தாமதித்தால் அரை நாள் சம்பளம் வெட்டுகிற இடத்தில் வேலை செய்திருந்தால் இதைச் சொல்ல வாய் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனிமேல் அந்த வீடுகளில் தேட ஆரம்பிப்பார்கள். ரயிலில் இருந்து விழுந்து இறந்தவரின் குடும்பம் ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலுக்குப் போகலாம். 2017 முதல் இழப்பீடு 8 லட்சம். ஆனால் இறந்தவர் முறையான பயணி என்று காட்ட வேண்டும். பாஸ் எங்கே, டிக்கெட் எங்கே? பர்ஸ் தண்டவாளத்தில் போயிருக்கும். டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது, குடும்பத்தார் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் அதற்கு மேல் மறுப்பது ரயில்வேயின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கேஸை விட்டுவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். யாருக்காவது தேவைப்படுமானால் சொல்லுங்கள். செத்த பிறகும் காகிதம் கேட்கிறார்கள்.

ஜூன் 11

மேலே எழுதியதற்கு வந்த பதில்களில் ஒன்று: "டிக்கெட் இல்லாமல் போகிறவர்களும் உண்டுதானே." உண்டு. எல்லாப் பெட்டியிலும் உண்டு. இன்றைக்கு அதைப் பேச வேண்டாம்.

ஜூன் 15

பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். அதனால் இது.

2009 கல்வி உரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. அரசு உதவி வாங்காத தனியார் பள்ளிகளிலும் ஆரம்ப வகுப்பில் 25 சதவீத இடம் பின்தங்கிய, நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. எட்டாம் வகுப்பு வரை கட்டணம் இல்லை. மகாராஷ்டிராவில் நலிந்தவர் என்றால் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள். 2024-ல் மாநில அரசு ஒரு மாற்றம் கொண்டுவந்தது: ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தால் அந்தத் தனியார் பள்ளி 25 சதவீதம் கொடுக்க வேண்டாம். மும்பையில் ஒரு கிலோமீட்டருக்குள் முனிசிபல் பள்ளி இல்லாத இடம் எத்தனை இருக்கும்? நல்லவேளை, பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் அதை ரத்து செய்தது.

எதற்காக இவ்வளவு அக்கறையாக ஒரு கிலோமீட்டர் அளந்தார்கள்? பணக்காரப் பிள்ளையின் பக்கத்தில் ஏழைப் பிள்ளை உட்காருகிற ஒரே இடம் அந்த பெஞ்சு. சாலில் இருப்பவனும் டவரில் இருப்பவனும் ஒரே ஸ்டேஷனில் இறங்கலாம், ஒரே கடையில் வடாபாவ் சாப்பிடலாம். ஆனால் ஆறு வயதில் ஒரே பெஞ்சில் எட்டு வருஷம் உட்கார்ந்தால் "நல்ல ஃபேமிலி" பேச்சு இரண்டு பேருக்கும் வந்துவிடும். அதுதான் பயம் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் ஒரு குழந்தைக்கு அப்படி இடம் கிடைத்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். கட்டணம் இல்லை, ஆனால் பிக்னிக், காஸ்ட்யூம், பிராஜெக்ட் என்று மாதம் ஒரு செலவு. ஒரு பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதையும் ஒரு மாலில் விளையாட்டு இடத்துக்குக் கூப்பிட்டார்கள். என்ன பரிசு வாங்கிக்கொண்டு போவது என்று அம்மா என்னிடம் கேட்டாள். இருநூறு ரூபாய்க்கு ஒரு நல்ல கலர் பென்சில் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். குழந்தை போய் வந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தது. "அடுத்து நம்ம வீட்டில் எப்போ" என்று கேட்டது. அம்மாவுக்கு அன்றிரவு தூக்கமில்லை.

ஆனாலும் அந்தப் பிள்ளை இப்போது என் வீட்டுக்கு வந்து ஆங்கிலப் புத்தகத்தைச் சத்தமாக, நிறுத்தாமல் படிக்கிறது. தெரியாத சொல் வந்தால் "ஆன்ட்டி, இது தெரியாது" என்கிறது. ஜூன் 7-ல் தயக்கத்தைப் பற்றி எழுதினேனே, அதை இங்கே வைத்துப் படியுங்கள்.

ஜூன் 17

விளம்பரக் கம்பெனியில் இருக்கும் நண்பர் ஒருவர், சந்தைக்காரர்கள் எங்களை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று எழுதியது நல்ல தகவல். 2011-ல் வந்த முறை அது: குடும்பத்தில் முக்கியமாகச் சம்பாதிப்பவரின் படிப்பு, அப்புறம் 11 பொருள்களில் எத்தனை இருக்கிறது. மின் இணைப்பு, ஃபேன், கேஸ் அடுப்பு, டூவீலர், கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏ.சி., விவசாய நிலம். ஏ1 முதல் ஈ3 வரை 12 படி.

தாராவியில் பட்டதாரி சம்பாதிக்கிற ஒரு கோலியில் இவற்றில் எட்டு இருப்பது சாதாரணம். ஊரில் தாத்தாவின் அரை ஏக்கரும் சேர்ந்தால் ஒன்பது. அந்தக் கணக்கில் அவர் ஏ பிரிவு. கழிப்பறை அந்தப் பட்டியலில் இல்லை. விற்கிறவனுக்கு அது தேவையில்லை, சரி. ஆனால் காலையில் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கிற பெண்ணைக் கேட்டால் பட்டியலில் முதலாவதாக அதைத்தான் போடுவாள்.

ஜூன் 21

முலுண்ட் நண்பர் விடவில்லை. "பணக்காரனும் காகிதம் காட்டுகிறான். பி.கே.சி.யில் (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் போய்ப் பாருங்கள். கோட் போட்டவன் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உங்கள் அளவுகோல் தப்பு" என்கிறார்.

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். அளவுகோலை விடவில்லை, கொஞ்சம் கூர்மையாக்குகிறேன். அவர் வரிசையில் நிற்பது புதிதாக ஒன்று கிடைப்பதற்காக. கிடைக்காவிட்டால் டாக்ஸி பிடித்து அதே வீட்டுக்குத் திரும்பிப் போவார். எங்கள் ஆட்கள் காகிதம் காட்டுவது ஏற்கனவே இருப்பது போகாமல் இருப்பதற்காக. இருக்கிற வீடு, இருக்கிற கார்டு, பிறந்த ஊர், போன உயிர். காட்ட முடியாவிட்டால் நேற்று இருந்தது இன்று இல்லை.

கேள்வி கேட்ட தம்பியும் இதற்குள்தான் வருகிறார். 78 ஆயிரம் சம்பளம் இருந்தும் கடன் கேட்டபோது ஒரு நிதி நிறுவனம் 400017 என்ற பின்கோடைப் பார்த்ததும் திருப்பிவிட்டது என்று பின்னால் எழுதினாரே. மாட்டுங்கா 400019. இரண்டு எண்தான் வித்தியாசம். சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட், எல்லாம் கொடுத்தும் அந்த ஆறு இலக்கம் ஜெயித்துவிட்டது. இன்னொரு இடத்தில் ஒன்றரை சதவீதம் கூடுதல் வட்டிக்கு வாங்கினாராம். அந்த ஒன்றரை சதவீதத்தை எந்த வர்க்கக் கணக்கெடுப்பிலும் யாரும் எழுத மாட்டார்கள்.

ஜூன் 22

"எஸ்.ஆர்.ஏ.வில் இலவச வீடு வாங்கிவிட்டு இன்னும் என்ன புகார்" என்று ஒருவர்.

வரிப்பணத்தில் கட்டிய வீடு இல்லை அது. எங்கள் காலடியில் இருந்த நிலத்தின் மேல் பில்டருக்கு விற்பனைக் கட்டடம் கட்ட அனுமதி கிடைக்கிறது. அந்த லாபத்தில் எங்களுக்கு முதலில் 225 சதுர அடி, பின்னால் 269, இப்போது 300. நிலத்தில் நல்ல பக்கம், ரோட்டைப் பார்த்த பக்கம், டவருக்கு. எங்கள் கட்டடத்துக்கும் டவருக்கும் நடுவில் சுவர். சுவரின் மேல் உடைந்த கண்ணாடி பதித்திருக்கிறார்கள். டவரில் வேலை செய்யும் பெண்களில் பாதிப்பேர் சுவருக்கு இந்தப் பக்கம்தான். சுற்றிக்கொண்டு போய், கேட்டில் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போகிறார்கள்.

ஜூன் 29

தாராவி சர்வே பற்றி நிறையப் பேர் கேட்டிருப்பதால், தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக, யாருக்கு எங்கே வீடு என்று முடிவு செய்ய 2024 மார்ச்சில் தொடங்கிய சர்வே இது. தரைத் தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். 2000-க்கும் 2011-க்கும் இடையில் வந்தவர்களுக்கு தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். மாடியில் இருப்பவர்களுக்கும் அதற்குப் பின் வந்தவர்களுக்கும் வெளியே வாடகை முறையில். ஒரே ஏணியில் கீழ்ப்படியில் இருப்பவர் தாராவிக்காரர், மேல்படியில் இருப்பவர் வெளியாள். மேலே இருப்பவர் முப்பது வருஷமாக அங்கே இருந்தாலும்தான்.

நேற்று ஒரு ஆச்சி வந்திருந்தார். எண்பது வயசு இருக்கும். தகரப் பெட்டியையே தூக்கி வந்துவிட்டார் பேரன். ரேஷன் கார்டு மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, டேப் மஞ்சளாகி, அதன் கீழ் இருந்த முத்திரையில் வருஷம் மட்டும் போய்விட்டது. 199-க்கு அப்புறம் ஒரு கறை. ஐந்தா ஒன்பதா தெரியவில்லை. இரண்டுமே 2000-க்கு முன்னால்தான் என்பதால் பரவாயில்லை என்று சொன்னேன். ஆச்சி நம்பவில்லை. "ஆபீஸர் அப்படிச் சொல்லுவானாளா?" என்று கேட்டார். அதற்கு என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. பழைய வாக்காளர் பட்டியலில் அவர் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 30

சர்வேக்குக் காகிதங்களை எப்படித் தயாராக வைப்பது என்று கடைசியாகக் கேட்ட மூவருக்கும் சேர்த்துப் பதில். லேமினேட் செய்ய வேண்டாம், சில இடத்தில் அசல் இல்லை என்று தள்ளுகிறார்கள். பிளாஸ்டிக் உறை போதும். கரண்ட் பில்லில் அப்பா பெயர் "முருகன்", ஆதாரில் "முருகேசன்" என்றால் இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சர்வே ஆட்கள் வாசலில் நிற்கும்போது ஓட வேண்டாம். எதைக் கொடுத்தாலும் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். தர மாட்டேன் என்றால் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். கோலிவாடா பக்கம் இருப்பவர்கள் ஞாயிறு பதினொரு மணிக்கு மேல் வரலாம், வரும்போது அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர் இருக்கிற காகிதத்தையும் சேர்த்து எடுத்து வாருங்கள், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.